சுமைதாங்கி வரைக்கும் முந்தக் கூடாது

இந்த வருஷம் ஓடியே தீருவது என்று சென்னியப்பன் முடிவு கட்டிவிட்டான். பிரம்மாவே வந்து காலைக் கட்டிக்கொண்டாலும் உதறிவிட்டு ஓடுவான். பாவாயி வந்து "வேண்டாமுங்க" என்றால் என்ன செய்வது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. பாவாயி அவன் பெண்டாட்டி. பிரம்மாவைவிடக் கொஞ்சம் கண்டிப்பானவள்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். மாசியில் மாரியாத்தாளுக்கு நோன்பு சாட்டினால் அங்கே ஓட்டப் பந்தயம் உண்டு. கோயில் வாசலில் கிளம்பி, ஜில்லா போர்டு ரோட்டோடு ஐந்து மைல் போய், சுமைதாங்கிக் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். முதலில் வந்தவனுக்குக் காளைக்கன்று. இரண்டாவது வந்தவனுக்கு ஆட்டுக்கிடாய். மூன்றாவது வந்தவனுக்கு ஒரு துண்டும் ஊராருடைய பரிதாபமும். வருஷா வருஷம் காளைக்கன்று சென்னியப்பன் கட்டுத்தறிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவிழ்த்துவிட்டால் கன்று தானே வழி கண்டுபிடித்து அவன் வீட்டுக்குப் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

போன வருஷம்தான் வினை வந்தது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கல் சுமந்துவிட்டு ஊருக்கு வந்த தீர்த்தகிரி என்கிற இளவட்டம் பந்தயத்தில் வந்து நின்றான். தப்பட்டை அடித்ததும் அவன் முந்தினான். சென்னியப்பனுக்குப் பொறுக்குமா? எடுத்த எடுப்பிலேயே வெறி பிடித்து விரட்டினான். ரெண்டு மைல் தாண்டவில்லை, வலது கெண்டைக்காலில் சதை அறுந்துபோய் நடுரோட்டில் விழுந்தான். மாட்டுவண்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

கட்டு வைத்தியர் அப்புசாமி முட்டையின் வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசிக் கட்டுப் போட்டார். ஆடி வரைக்கும் படுக்கை. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்க ஆள் இல்லை. பாவாயியே மாடுகளைப் பூட்டி, கிணற்றோரச் சரிவான வாரியில் முன்னும் பின்னும் நடந்து நடந்து வெங்காயப் பயிரைக் காப்பாற்றினாள். இன்னொரு தரம் அந்தக் கால் போனால் காடும் போகும், சோறும் போகும். இது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் காளைக்கன்றை நினைத்தால் மறந்துபோகும்.

தை மாதம் வைத்தியர் காலை அமுக்கிப் பார்த்தார். "சதை கூடிப்போச்சு. ஓடலாம். ஆனா பாதித் தூரம் சினை எருமைக்குப் பொறத்தால போற மாதிரிப் போவோணும். சதை நல்லாச் சூடேறுன பொறவுதான் வெரட்டோணும். எடுத்ததும் எவனையாச்சும் முந்தறேன்னு துள்ளினா மறுக்கா அந்துபோகும். அப்பறம் கட்டுமில்ல, வைத்தியமுமில்ல. கோலூனித்தான் நடக்கோணும்."

இத்தனையில் சென்னியப்பன் காதில் விழுந்தது "ஓடலாம்" என்கிற ஒரு சொல்தான். மீதியெல்லாம் பக்கத்தில் நின்ற பாவாயி காதில் விழுந்தது.

"ஏனுங்க, ஓடறதுன்னே முடிவு பண்ணிப்போட்டீங்களா?"

"நான் எங்க சொன்னேன்?"

"தூக்கத்துல ரெண்டு காலும் ஓடுதுங்க. ஒதச்சு ஒதச்சு என்ற முழங்கால் வீங்கிப்போச்சு."

"மெதுவாத்தாம் புள்ள ஓடுவேன்."

"தீர்த்தகிரி முன்னால போனா?"

"போறான் கழுதைன்னு உட்டுருவேன்."

"பேரைச் சொன்னதுக்கே மூக்கு வெடைக்குதுங்களே!"

சென்னியப்பன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். விடைத்துத்தான் இருந்தது.

பாவாயி அழவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. "சரிங்க, ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தா ஓடுங்க. செவப்பு வந்தா ஊட்டுல கெடங்க" என்றாள்.

பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அந்தப் பக்கத்தில் ஆத்தாளிடம் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து நாரால் கட்டி ஆத்தாள் காலடியில் போடவேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

சென்னியப்பன் மூளை இந்த இடத்தில் வேலை செய்தது. அது அடிக்கடி செய்கிற காரியமல்ல.

"பூவை நானே பறிச்சு மடிக்கறேன். நீ கைக்காரியத்தைப் பாரு" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டிக்கு ஒரு முருங்கைக்காய் பறித்துக் கொடுக்காத மனுஷன்! பாவாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மடிங்க சாமி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

புறக்கடையில் வெள்ளரளி பறித்தான். ஒரு பொட்டலத்தில் வைத்தான். இன்னொன்றிலும் வெள்ளரளியே வைத்தான். வாழை நாரால் கட்டினான். அவனுக்குத் தெரிந்தது மாட்டைக் கட்டுகிற முடிச்சு ஒன்றுதான். அதையே போட்டான். 'ஆத்தா, நீ எப்படியும் சரின்னுதான் சொல்லுவ. உனக்கு எதுக்குச் சிரமம்?' என்று மனசுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டான். தட்டை நடைவாசலில் வைத்துவிட்டுக் கிணற்றுக்குக் குளிக்கப் போனான். பாட்டுக்கூட வந்தது.

கோயிலில் பூசாரி கந்தன் தட்டை வாங்கிப் பொட்டலங்களை ஆத்தாள் காலடியில் போட்டார். கண்ணை மூடினார். ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

"அதெப்படி..." என்று ஆரம்பித்த சென்னியப்பன் மிச்சத்தை விழுங்கினான். வாயைத் திறந்தால் கள்ளத்தனம் வெளியாகும். ஊர் காறித் துப்பும். ரெண்டும் வெள்ளை. அவன் கையாலேயே வைத்த வெள்ளை. அது எப்படிச் சிவக்கும்? ஆத்தாளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு, 'என்னடா, எங்கிட்டயேவா?' என்று கேட்கிற மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். ஓட முடியாமல் போயிற்றே என்ற துக்கம் ஒரு பக்கம், தெய்வத்தை ஏமாற்றப் பார்த்த பயம் ஒரு பக்கம். பாவி மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"பூசாரிங்க," என்றாள் பாவாயி மெதுவாக. "இன்னொரு வாக்குக் கேட்டுப் பாருங்க. சுமைதாங்கிக் கல்லு வரைக்கும் ஒருத்தரையும் முந்தாம, எல்லாருக்கும் கடைசியாப் போனா ஓடலாமான்னு." மடியிலிருந்து ரெண்டு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

அது எப்படியம்மா மடியில் தயாராக இருந்தது என்று புத்தியுள்ளவன் கேட்டிருப்பான். சென்னியப்பன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

வெள்ளை வந்தது.

"கேட்டுக்க சென்னியப்பா," என்றார் பூசாரி. "கல்லைத் தாண்டறதுக்குள்ள ஈ எறும்பை முந்தினாலும் ஆத்தாளை மீறினதுதான். கால் போனா என்னையக் கேக்காத."

பந்தயத்தன்று கோயில் வாசலில் இளவட்டங்கள் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு ஒரு தொப்பையும் நின்றது. வெல்ல மண்டி வெங்கடாசலம். பாவாயியின் சித்தப்பா. வண்டியில் ஏறுவதற்கே ரெண்டு பேர் தள்ளிவிடவேண்டும்.

"நீங்க எங்கீங்க மாமா இங்க?"

"வேண்டுதல் மாப்பிள்ளை. ஆத்தா காரியம், தட்ட முடியுமா?"

தப்பட்டை அதிர்ந்தது. எல்லாரும் பாய்ந்தார்கள். தீர்த்தகிரி திரும்பிப் பார்த்து, "அண்ணா, வண்டி கட்டிக்கிட்டு வாரீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தான். சென்னியப்பன் மூக்கு விடைத்தது. கால் துள்ளியது. அடுத்த நொடி சிவப்பரளி கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெங்கடாசலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான்.

வெங்கடாசலம் ஓடினார் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். நகர்ந்தார். முன்னால் போன கூட்டம் புழுதியாகி, புழுதியும் அடங்கிவிட்டது. ரோட்டோரத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ஆறு கன்னு வாங்குன சிங்கம் வருது பாருங்கடா!"

"மாமா, கொஞ்சம் வெரசாப் போங்க!"

"நீ முந்திப் போ மாப்பிள்ளை. ரோடு என்ன எங்கப்பன் ஊட்டுதா?"

"முந்தக் கூடாதுங்க மாமா!"

"அப்பப் பொறுத்து வா. வேகமாப் போனா எனக்கு நெஞ்சடைக்கும்."

பாதிவழியில் வெங்கடாசலம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தே விட்டார். "முள்ளுப்பா" என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகத் தேடினார். சென்னியப்பன் தவித்துப்போனான். உட்கார்ந்திருப்பவரைத் தாண்டினால் அது முந்தினதா, இல்லையா? பூசாரி அதைச் சொல்லவில்லையே! நின்ற இடத்திலேயே குதித்தான்.

"மாமா, உங்க காலைப் பிடிக்கறேன், எந்திரிங்க!"

"பிடி. முள்ளு எந்தக் கால்லன்னு அப்படியே பாத்துச் சொல்லு."

கடைசியில் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போனான். வெயில் ஏறியது. உடம்பு கொதித்தது. கெண்டைக்காலில் இருந்த பழைய இறுக்கம் எப்போது விட்டதென்று அவனுக்கே தெரியாது. அழாத குறையாகச் சுமைதாங்கிக் கல்லுக்கு வந்து சேர்ந்தான். அங்கே நின்ற ஆள் வெங்கடாசலத்தின் தலையில் அடையாள மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். பிறகு இவன் தலையில் ஊற்றினான்.

தண்ணீர் தரையில் விழுவதற்குள் சென்னியப்பன் அங்கே இல்லை.

அட, அதல்லவா ஓட்டம்! கிளம்பும்போதே துள்ளின இளவட்டங்கள் வழிநெடுக நாக்குத் தள்ளிக் கிடந்தார்கள். ஒருத்தன் பனைமரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தான். இன்னொருவன் தண்ணிப் பந்தலிலேயே குடியேறிவிட்டான். சென்னியப்பன் ஒவ்வொருவராகத் தாண்டினான். கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது முன்னால் ஒரே ஒரு முதுகுதான் இருந்தது. வெயிலில் தள்ளாடிக்கொண்டிருந்த தீர்த்தகிரியின் முதுகு.

இடையில் பத்து கஜம் தூரம். அது ஐந்தாயிற்று. ஊரே எழுந்து நின்று கத்தியது. இன்னும் நாலு பாய்ச்சல், காளைக்கன்று அவனுடையது. பலத்தையெல்லாம் திரட்டி ஊன்றினான். கெண்டைக்கால் சுள்ளென்றது.

கூட்டத்தில் பாவாயி தெரிந்தாள். எல்லாரும் கத்த, அவள் மட்டும் தாலியை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவன் காலையே பார்த்தபடி நின்றாள். சென்னியப்பன் மனசில் சிவப்பரளி வந்து விழுந்தது. கிணற்று வாரியில் தனியாக மாடு ஓட்டிய பாவாயியும் வந்தாள். ஊன்றின காலை இளக்கினான். மூக்கு விடைத்ததுதான், விடைத்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டான். தீர்த்தகிரி முதலில் போனான். சென்னியப்பன் இரண்டாவதாக, ரெண்டு காலோடும் போய்ச் சேர்ந்தான்.

"கால் இருக்குது புள்ள! கால் இருக்குது!" என்று கெண்டைக்காலைத் தடவித் தடவி அழுதான். பாவாயியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கிடாயை இழுத்துக்கொண்டு வந்து கட்டிவிட்டு, ஆத்தாளுக்கு நன்றி சொல்லித் திருநீறு பூசலாமென்று சாமி மாடத்தில் கையை விட்டான். திருநீற்று மரவைக் கிண்ணத்துக்குப் பின்னால் என்னமோ தட்டுப்பட்டது. வாடிப்போன ரெண்டு இலைப் பொட்டலம். பிரிக்காத பொட்டலம். ரெண்டிலும் மாட்டு முடிச்சு.

பிரித்தான். வெள்ளை. இன்னொன்றைப் பிரித்தான். அதுவும் வெள்ளை.

"பாவாயீ! அப்ப, ஆத்தா செவப்புக் குடுக்கவே இல்லையா?"

"நீங்க ரெண்டும் வெள்ளையா வெச்சீங்க. நீங்க குளிக்கப் போனப்ப நான் ரெண்டும் செவப்பா மாத்தி வெச்சேன். பாவம், ஆத்தா என்னங்க பண்ணுவா?"

"மடியில இருந்தது?"

"அது ரெண்டும் வெள்ளைங்க."

"எப்படிப் புள்ள தெரிஞ்சுது?"

"முருங்கைக்காய் பறிக்காதவரு பூப் பறிக்கறேன்னப்பவே தெரிஞ்சுதுங்க."

"அடிப்பாவி, தெய்வக் குத்தமாகாதா?"

"கோயிலுக்குள்ள நுழையறப்பவே சொல்லிப்போட்டேன். 'ஆத்தா, வைத்தியர் பேச்சையும் கேக்கமாட்டாரு, என்ற பேச்சையும் கேக்கமாட்டாரு, உன்ற பேரைக் கொஞ்சம் எரவல் குடு'ன்னு. அவளும் பொம்பளைதானுங்களே, குடுத்தா."

சென்னியப்பன் மிச்சமிருந்த மானத்தைக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அது கெடக்கட்டும். கிடாய் நான் ஓடி வாங்குனது. அதுல ஒருத்தர் தயவுமில்ல. நாளைக்குக் கறியாக்கினா தொடைக்கறி எனக்குத்தான், சொல்லிப்போட்டேன்!"

வாசலில் செருமல் கேட்டது. வெங்கடாசலம் ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் பெரிய தூக்குப்போசிப் பாத்திரம்.

"வாங்க சித்தப்பா," என்றாள் பாவாயி. "கறி நாளைக்குத்தானுங்க. பேசுன பேச்சு மாறமாட்டேன். தொடை ரெண்டும் உங்களுக்குத்தான்."

"போசியைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அம்மிணி. மெதுவாப் போறது லேசுன்னு நெனச்சேன். அஞ்சு மைலும் உன்ற ஊட்டுக்காரன் என்ற குதிங்காலை மிதிச்சே தேச்சுப்போட்டான்."

சென்னியப்பன் தன் காலையும் மாமனின் குதிங்காலையும் மாறி மாறிப் பார்த்தான். பாவாயி போசியை வாங்கி அடுப்படியில் அவன் தட்டத்துக்கு முன்னால் வைத்தாள்.

"மாமனுக்குப் போட்ட பொறவுதான் உங்களுக்குங்க. சோத்துலயும் அவரை முந்தக் கூடாது."