சாம்பிள் சுத்தமில்லை

கோட்பாட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காந்தப் பொருள்களை ஆராயும் எந்தக் கூடத்துக்குப் போனாலும் மாடியில் ஜன்னலோரமாக ஒருவர் அகப்படுவார். காந்தத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார். அவருடைய காந்தமெல்லாம் கணினிக்குள். ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்து அணு பார்க்கிற திசையையே தானும் பார்க்கும், சூடு ஏற ஏற ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும், ஓர் அளவுக்கு மேல் மொத்தக் கூட்டமும் கலைந்து காந்தமே காணாமல் போகும் என்பதை லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூட விளக்குவார். விளக்கம் சரிதான். வம்பே அங்கேதான்.

நான் நூலகராக இருந்த கூடத்தில் இருந்தவர், ஒரு புதுக் கலவை அறுநூற்று இருபத்துநான்கு கெல்வின் வரை காந்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அதை உருக்கி அளந்தவரைக் கூடத்தில் எல்லோரும் ‘உலை அக்கா’ என்பார்கள். அவர் அளவில் வந்தது முந்நூற்று ஒன்பது. அதாவது முப்பத்தாறு டிகிரி செல்சியஸ்; காய்ச்சல்காரர் கையில் வைத்தாலே காந்தம் போய்விடும்.

“சாம்பிள் சுத்தமில்லம்மா” என்றார் கோட்பாட்டுக்காரர்.

அக்கா மறுபடி உருக்கினார். முந்நூற்று ஒன்பது. “தெர்மாமீட்டர் பொய் சொல்லுது.” தெர்மாமீட்டரை மாற்றினார். “உலையில காத்து புகுந்திருக்கும்.” இப்படியே ஏழு மாதம். கடைசியில் அக்கா ஒரு காந்தத்தின் நுனியில் அந்தக் கலவையில் செய்த உலோக மணியை ஒட்டவைத்து, அவர் கண்ணெதிரே வெந்நீர் டம்ளருக்குள் இறக்கினார். மணி டணங்கென்று அடியில் விழுந்தது.

டம்ளரை உற்றுப் பார்த்தவர் கேட்டார்: “இது என்ன தண்ணி?”

சிரிக்கலாம். ஆனால் அக்காவின் வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. “கணக்கும் அளவும் ஒத்துவரலன்னா நீட்டிக்கச் சொல்லி நான் எப்படிம்மா எழுத முடியும்?” என்று இயக்குநர் கைவிரித்துவிட்டார். அன்றைக்கு அக்கா நூலகத்துக்கு வந்து, புத்தகம் எதையும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று என்னிடம் கேட்டார்: “ஏன் எப்பவும் கிட்டத்தட்டப் பாதியாவே வருது?”

எனக்கென்ன தெரியும்? கோட்பாட்டுக்காரரின் கணினி நிரலை அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் வரி வரியாகப் படித்தார். நான்காம் நாள் நேரே மாடிக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

“சார், நான் உங்களுக்குப் பக்கத்து வீடு. நீங்க எனக்குப் பக்கத்து வீடு. நமக்குள்ள சண்டை வந்தா எத்தன சண்டை?”

“ஒண்ணு.”

“உங்க நிரல் ரெண்டுன்னு எண்ணுது. ஒவ்வொரு அணு ஜோடியையும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடவை, இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடவை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். திருத்தி ஓடவிட்டதும் திரையில் வந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்து உலைச் சூடு அல்லவா? ஒரு மன்னிப்பு வரும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“மூணு வித்தியாசம் இருக்கே” என்றார் அவர். “சாம்பிள் இன்னும் கொஞ்சம் சுத்தமாகணும்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் இயக்குநரைப் பார்த்தார். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீண்டது. கட்டுரையில் முதல் பெயரும் அக்காவுடையதே. அதில் ‘கோட்பாடு முன்பே கணித்தபடி’ என்று ஒரு வரியை இவர் நுழைக்கப் பார்க்க, அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

நல்லவேளை, நமக்கும் இயற்பியலுக்கும் வெகுதூரம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் வீட்டில் எடை பார்க்கும் மிஷின்மேல் ஏறினீர்களே, எண்ணைப் பார்த்ததும் இறங்கி, தரை சமமாக இல்லை என்று அதை எத்தனை இடத்துக்கு நகர்த்தினீர்கள்?