இடிப்பு விழாவுக்கு வந்த பூநாரை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. இருந்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான். கரை இருந்தது, மதகு இருந்தது, 'ஆழம் அதிகம், இறங்காதீர்' என்ற பலகைகூட இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. மலையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் நட்டநடுவில் காட்டு ஒன்றிய அலுவலகம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அலுவலகத்துக்கு இடம் பார்க்க வந்தவர்கள் கோடையில் வந்தார்கள். கோடையில் எந்த ஓடையும் காலி மனையாகத்தான் தெரியும். 'ஆட்சேபணை அற்ற காலி இடம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்சேபிக்க வேண்டிய தண்ணீர் ஐப்பசியில் வந்து பார்த்தபோது சுவர் எழும்பிவிட்டது. அது முட்டிப் பார்த்தது, முடியவில்லை, பக்கத்துக் காட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

கட்டடம் பார்க்கச் சகிக்காது. பூச்சு கிடையாது, வெள்ளையடிப்பு கிடையாது. பலகை அடித்து ஊற்றிய கான்கிரீட், பலகைத் தடத்தோடு அப்படியே நின்றது. பூசுவதற்கு வந்த சிமென்ட் ஒப்பந்தக்காரர் பெருச்சாளியின் சொந்த வளைக்குப் போய்ச் சேர்ந்த கதை காட்டுக்கே தெரியும். ஜன்னல் என்ற பெயரில் சில கீறல்கள். அவ்வப்போது சுவரிலிருந்து ஒரு துண்டு கழன்று, மனுக் கொடுக்க நிற்பவர்கள் தலையில் விழும். வரிசையைக் குறைக்க அதுவும் ஒரு வழியாக இருந்தது.

அந்த வரிசையில் விடாமல் நின்றவள் செவந்தி என்ற நீர்க்கோழி. நீர்க்கோழி கோரைப்புல்லில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் கிடந்தால் கீரி வராது. வறண்ட ஏரியில் கீரி நடந்தே வந்தது. போன வருஷத்து முட்டைகளும் போயின, அதற்கு முந்தைய வருஷத்து முட்டைகளும் போயின. உடைந்த ஓடுகளைக் கரையில் புதைத்துவிட்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு, பக்கத்து மரத்துக் கொக்குகூட அன்று இரை எடுக்கவில்லை. இப்போது மறுபடியும் முட்டை வைக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையாவது குஞ்சு முகம் பார்த்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

அவளுக்குத் துணையாக நின்றவர் வீரபாகு என்ற ஆமை. ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்து, இப்போது ஏரிச் சேற்றின் கடைசி ஈரத்தில் கழுத்துவரை புதைந்து காலம் தள்ளுபவர். மனுவை எழுதியது செவந்தி. அதை ஓட்டின்மேல் சுமந்து வந்தது வீரபாகு.

"அண்ணே, இந்தக் கட்டடம் நம்ம வயித்துல அடிச்சு நிக்குது. இடிக்காம விடமாட்டேன்" என்பாள் செவந்தி.

"நீ பேசு தாயி. நான் பின்னாலயே நிக்கேன்" என்பார் வீரபாகு.

ஒன்றியத் தலைவர் கொம்பையா ஒரு காட்டெருமை. மனுவை வாங்கி, "ஆவன செய்வோம்" என்று சொல்லி, மென்று விழுங்கிவிடுவார். அப்படியே ஓடியிருக்கும் காலம். ஒரு நாள் கூரையிலிருந்து ஒரு துண்டு அவருடைய நாற்காலியிலேயே விழுந்தது. அவர் அப்போது நாற்காலியில் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். ஆனாலும் மக்கள் குறை அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. கட்டடத்தை இடித்துவிட்டு மேட்டில் புதிதாகக் கட்டுவது என்று தீர்மானம் போட்டார்.

சும்மா இடித்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே இடிப்பு விழா என்று அறிவித்தார். பந்தல் போட்டார்கள், மேடை போட்டார்கள், குத்துவிளக்கு வைத்தார்கள். முட்டி இடிப்பதற்கு யானைகள் வந்து நின்றன. விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டுமே! கடல் தாண்டி ஏரியைத் தேடி வந்த பூநாரை அம்மையார் ஒருவர், ஏரியில் தண்ணீர் இல்லாததால் போக்கிடம் தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். வெளிநாடு, நல்ல நிறம், நீண்ட கழுத்து. பிறகென்ன, அவரையே கூட்டிவந்தார்கள். ஒரு பொன்னாடை கழுத்துக்குப் போதாமல் இரண்டு போர்த்தினார்கள். எதற்கு விழா என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அம்மையார் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தார். எந்த ஊர் விழாவானாலும் அழைத்தவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது விருந்தாளியின் கடமை. எதிரே இருந்தது அந்தக் கட்டடம் ஒன்றுதான்.

"என்ன ஒரு நேர்மை! பூச்சு இல்லை, ஒப்பனை இல்லை. கான்கிரீட் தன்னைக் கான்கிரீட் என்றே சொல்லிக்கொள்கிறது. இதைப் புரூட்டலிசம் என்பார்கள். எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட கட்டடங்களைத் தேடிப் போய்க் காப்பாற்றுகிறோம். இந்தச் சுவரில் ஒளிவுமறைவே கிடையாது. கட்டியவர் மாமனிதர்!"

முன்வரிசையில் பெருச்சாளி எழுந்து கும்பிட்டார். பந்தல் அதிரக் கைதட்டல் எழுந்தது. புரியாத பேச்சுக்கு நம் ஜனங்கள் எப்போதுமே ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவார்கள்.

கொம்பையாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. உதவியாளர் குரங்கின் காதில், "இப்படிச் சொல்லிப்புட்டாங்களேய்யா. இதுக்கு மேல இடிச்சா விருந்தாளி மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிராதா?" என்றார்.

"யானைகள் வந்து நிக்குதே, தலைவரே?"

"சல்யூட் அடிக்கச் சொல்லு."

யானைகள் சுவரைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கின. அந்த மேடையிலேயே கட்டடம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுவரைத் தொடக் கூடாது, சாயம் அடிக்கக் கூடாது, ஓர் ஆணிகூட இறக்கக் கூடாது. பாரம்பரியம் நனைந்துவிடாமல் இருக்க வரத்துக்காலின் மேல்புறத்தில் ஒரு மண்கரையும் போடுவதென்று முடிவானது. இதுவரை சுவரையாவது வந்து முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இனிமேல் அங்கேகூட எட்டிப் பார்க்க முடியாது.

செவந்தி மேடைக்கு ஓடினாள். "ஐயா, எங்க ஏரி இதைவிடப் பழசுய்யா!"

"இருக்கலாம்மா. அதைப் பத்தி யாரும் பேசலியே" என்றார் கொம்பையா. அந்த வார்த்தையில் பொய் இல்லை.

மழை வந்தது. ஏரிக்கு வரவில்லை, ஏரியின் மேல் கொஞ்சம் தூறிவிட்டுப் போனதோடு சரி. செவந்திக்கு வயிறு கனத்தது. கீரி கரையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வந்த தண்ணீரெல்லாம் எங்கே போய்த் தொலைகிறது என்று பார்த்துவிடுவோம் என, அந்தப் பாழாய்ப்போன கட்டடத்தின் மொட்டை மாடிக்கே பறந்து ஏறினாள்.

ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடி முழுக்கத் தண்ணீர்! மழைத்தண்ணீர் இறங்கக் குழாய் வைக்க வேண்டும் என்பதையும் பெருச்சாளி சிக்கனத்தில் விட்டுவிட்டிருந்தார். வருஷக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் பாசி பிடித்து, மண் சேர்ந்து, ஓரத்தில் கோரைகூட முளைத்திருந்தது. நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர். கீரி தலைகீழாக நின்றாலும் ஏற முடியாது. செவந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இனித்தது.

முட்டை வைத்தாள். அடைகாத்தாள். ஒரு முட்டைகூட வீணாகவில்லை. கறுப்புக் கறுப்பாய்க் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கி அவள் பின்னால் வரிசையாக நீந்தியபோது, அவள் வாய்விட்டே அழுதாள். இந்த அழுகையை யார் குறை சொல்ல முடியும்?

குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. மாடித் தண்ணீர் கசிந்து, கீழே அலுவலகத்தில் கோப்புகளெல்லாம் ஊறிப்போயின. குடை பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட கொம்பையாவுக்குச் சளி பிடித்தது. மாடியில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை இறக்கிவிடலாம் என்று மரங்கொத்தியை அனுப்பினார். செவந்தி சிறகை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"பாரம்பரியச் சின்னத்துல ஓட்டை போடுவீங்களா? சட்டம் தெரியுமா? எடுத்துட்டுப் போய்யா மூக்கை!"

மரங்கொத்தி போய்விட்டது. இவ்வளவு பற்றுள்ளவளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று கொம்பையா அவளையே பாரம்பரியக் குழுவில் உறுப்பினர் ஆக்கினார்.

சேறும் காய்ந்துபோன ஒரு நாள், வீரபாகு ஊர்ந்து ஊர்ந்து சுவரடிக்கு வந்து சேர்ந்தார். ஓடு வெடித்திருந்தது. மேலே பார்த்துக் கூப்பிட்டார். செவந்தி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தாயி, பிள்ளைங்க நல்லா இருக்கா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்குண்ணே."

"சந்தோசம். கட்டடத்த இடிக்கச் சொல்லல. மாடியில ஓரமா ஒரு சின்ன ஓட்டை. ஒழுகுற தண்ணி ஏரிக்கு வந்தா நான் பொழைச்சுக்குவேன். நீ குழுவுல இருக்கியாம்ல, ஒரு வார்த்தை சொல்லேன்."

செவந்தி திரும்பித் தன் குஞ்சுகளைப் பார்த்தாள். தண்ணீரின் அளவைப் பார்த்தாள்.

"அது பழைய கட்டடம்ணே. கை வைக்கக் கூடாது."

"இடிக்காம விடமாட்டேன்னு சொன்னது நீதான தாயி?"

"ஆமாண்ணே, நாந்தான் சொன்னேன்" என்றாள் செவந்தி. "அப்போ எனக்குத் தண்ணி இல்லை."

நீதி: நீர்வழியில் கட்டடம் கட்ட நேர்ந்தால் மொட்டை மாடியைச் சற்று விசாலமாகக் கட்டவும், எதிர்ப்பவர்களைக் குடிவைக்க இடம் வேண்டும்.