ஸ்டீரியோ சாமியும் தேங்காய் மைக்கும்

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்தில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கூட்டமில்லை. எல்லாரும் சுடுகாட்டில் இருந்தார்கள். ஸ்டீரியோ சாமி வந்திருந்தார் அல்லவா!

உடையப்பன் என்பது அவருடைய பழைய பெயர். ஈப்போவில் பளபளவென்று ஒரு ஜப்பான் மைக்கும் டேப் ரெக்கார்டரும் வாங்கியதும் சாமியாகிவிட்டார். மைக்கைச் சமாதிப் பக்கம் நீட்டுவார். ஹெட்போனை மாட்டினால் வலது காதில் பூலோகம், இடது காதில் மேலோகம்! காணிக்கை ஒரு சேவல். மேலோகத்தில் சேவல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கருப்பம்மாளும் சேவலோடுதான் போனாள். புருஷன் சின்னையா செத்து ஒரு வருஷம். ஆனால் அவளுக்கு இடது காது டமாரச் செவிடு. வலது காதில் சில்வண்டுச் சத்தம்தான் கேட்டது. பக்கத்து வீட்டுச் செல்லாயி மாட்டிக் கேட்டுவிட்டு அலறினாள்.

"அக்கா! அண்ணன் வந்துட்டாரு! மங்களத்த ராஜுக்குக் கட்டிக் குடுன்னு சொல்றாரு லா!"

ராஜு, சாமியின் அக்காள் மகன். கருப்பம்மாளின் மகள் மங்களமோ மறுநாள் ஈப்போவுக்கு நர்ஸ் படிக்கக் கிளம்ப வேண்டியவள். கருப்பம்மாள் அழுதாள். மகளின் படிப்பு போகிறதே என்று பாதி, வந்த புருஷன் தன்னிடம் பேசவில்லையே என்று பாதி.

"ஹெட்போனை மாத்தி மாட்டிக்கவா சாமி?"

"ஆவி கோவிச்சுக்கும்!"

அப்போது மங்களம் ரேடியோக் கடை ஷரபுதீனை அழைத்து வந்தாள். பறவைச் சத்தம் பதிவு செய்கிற பித்து அவருக்கு. கையில் உரிக்காத தேங்காய், அதன் இருபுறமும் காது மாதிரி குட்டி மைக்குகள், ஒரு பழைய டேப், ஒரு ஹெட்போன். கூட்டம் சிரித்தது.

"ஜப்பான் மைக்குக்கு எதிரா தேங்காயா?" என்றார் சாமி.

"ரெண்டையும் கேட்டுப் பாக்கட்டும், சாமி. இந்தாங்கக்கா."

கருப்பம்மாள் ஷரபுதீனுடைய ஹெட்போனை மாட்டினாள். இடப்பக்கச் சாலையில் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஷரபுதீன் தேங்காயைத் திருப்பினார். லாரி நல்ல காதுக்குள் வந்து நின்றது!

அவள் துள்ளி எழுந்தாள். "அப்ப அந்த மைக்கையும் திருப்பினா எம் புருஷன் நல்ல காதுக்கு வருவாரு! செல்லாயி, நீ சாமி ஹெட்போன மாட்டு. அவரு வலது பக்கம் வந்ததும் சொல்லு!"

"தொடாதே!" என்று சாமி பாய்வதற்குள் திருப்பிவிட்டாள். திருப்பிய வேகத்தில் வயர் பிடுங்கிக்கொண்டு மைக்கோடு கையில் வந்தது.

"ஐயோ, அறுத்துப்புட்டேனே! போயிட்டாரா?"

"இல்லக்கா, இடது பக்கமேதான் இருக்காரு," என்றாள் செல்லாயி. "ராஜுக்குக் குடுன்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு. சில்வண்டும் கத்துது."

பட்டப்பகல். சுடுகாட்டில் ஒரு சில்வண்டும் இல்லை. கருப்பம்மாள் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள்.

"மைக்கு என் கையில இருக்கு. அவரு எதுல லா பேசுறாரு?"

ஷரபுதீன் சாமியுடைய டேப்பின் மூடியைத் திறந்தார். உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் டேப்பில் சத்தமாகப் போட்டார். சின்னையா பேசினார், உடையப்பன் குரலில்.

"உசிரோட இருந்தப்ப சோத்துக்குக் கூப்பிட்டாலே வரமாட்டாரு," என்றாள் கருப்பம்மாள். "பட்டனைத் தட்டுனா வந்துருவாரா? நாந்தான் மடச்சி! குடுய்யா என் சேவல!"

சாமி லாரியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார். மங்களம் மறுநாள் ஈப்போ பஸ் ஏறினாள்.

ஒற்றைக் காதுக்காரி கண்டுபிடித்ததை, இரண்டு காதும் நன்றாக இருந்த தோட்டம் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, ஐயா, அதற்கு எப்போது வயர் மாட்டப் போகிறீர்கள்?