சனிக்கிழமைப் பவளம்

யேசுராசா ஒரு முடிவெடுத்தார். முடிவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. எடுத்த முடிவை மனைவி டோறினிடம் சொல்லாமல் வைத்திருந்ததுதான் புதிது. இனிமேல் எந்தச் சனிக்கிழமையும், எந்த மண்டபத்துக்கும், எவருடைய கொண்டாட்டத்துக்கும் போவதில்லை. இதுதான் முடிவு.

ஒக்லாந்தில் தமிழனாக இருப்பவனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை, ஒரு நாள் மாதா கோயில், மிச்சமிருக்கிற ஒரு நாள் மற்றவர்களுக்குச் சொந்தம். பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியவீடு, வீடு குடிபூரல், வீடு விற்றவர் வேறு வீடு வாங்கி மறுபடி குடிபூரல். அழைப்பிதழில் ஆறு மணி என்று இருக்கும். ஆறு மணிக்குப் போனால் மண்டபமே பூட்டிக் கிடக்கும். எட்டு மணிக்குப் போனால், "என்ன, வெள்ளெனவே வந்திட்டியள்?" என்பார்கள். கேக் வெட்டும் நேரத்தில் பிறந்தநாள்காரப் பிள்ளை நித்திரையாகிவிட்டிருக்கும். அதன் கையில் கத்தியைக் கொடுத்துப் பிடித்து வெட்டுவிப்பார்கள். இவ்வளவுக்கும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யேசுராசாவுக்குக் கன்னம் நோகும்.

சாட்டுச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. முதுகு நோகுது என்றார். டோறின் எண்ணெய் தடவி, சட்டை போட்டுவிட்டு, காரில் ஏற்றினாள். வேலை இருக்கு என்றார். மனுகாவில் அவர் குளிரூட்டி திருத்தும் கம்பனியின் முதலாளியுடைய மனைவி, டோறினோடு ஒரே பாடகர் குழாமில் பாடுகிறவள். அந்தச் சாட்டு ஒரு போன் அழைப்போடு செத்துப்போனது.

பிறகுதான் ஒரு வீட்டுக்குக் குளிரூட்டி திருத்தப் போனார். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் குட்டிக் கடல் ஒன்று இருந்தது. பாறை, பவளம், செம்மஞ்சள் மீன் எல்லாம் இருந்தன. "வடிவாயிருக்கு," என்றார் யேசுராசா. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். இதை வாங்கின நாளிலிருந்து ஓரிடமும் போக முடியவில்லை, உப்புத்தண்ணீரைத் தனியே விட்டால் எல்லாம் செத்துப்போகும் என்று தலையில் கைவைத்தார்.

மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. யேசுராசாவுக்கு அது நற்செய்தி.

அடுத்த கிழமையே ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு முன் ஹோலில் தொட்டி வந்து குந்தியது.

"என்னப்பா இது?"

"கடல்."

"கடலுக்கு எங்கட ஹோலுக்குள்ள என்ன வேலை?"

"மன அமைதி டோறின். டொக்டர்மார் சொல்லீனம்."

"எந்த டொக்டர்?"

"பொதுவா."

டோறின் தொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நேரங்களில்தான் யேசுராசா கவனமாக இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. டோறின் சேலை கட்டி, கைப்பையோடு வந்து நின்றாள். யேசுராசா தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

"வெளிக்கிடேல்லையே?"

"எப்பிடியப்பா வெளிக்கிடுறது? தண்ணி ஆவியாப் போகுது. ஆவியாப் போனா உப்புக் கூடும். உப்புக் கூடினாப் பவளம் சுருங்கும். சுருங்கினா..."

"சுருங்கினா?"

"போச்சு."

"ஒரு கோப்பை தண்ணி ஊத்திப்போட்டு வாங்கோவன்."

"இதென்ன ரோசாக்கண்டே? சொட்டுச் சொட்டா விடோணும். பக்கத்தில இருந்து பாக்கோணும். பின்னேரம் நீல லைற் போட்டாத்தான் பவளம் விரியும். விரியேக்க படமெடுத்து வச்சாத்தான் அதுக்குச் சுகமோ இல்லையோ எண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"சனிக்கிழமையில மட்டுமே விரியும்?"

யேசுராசா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லா நாளும் விரியும். சனிக்கிழமைதான் எனக்கு நேரம்."

"பாவம், வாயில்லாச் சீவன்," என்றாள் டோறின். பவளத்தைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா என்று யோசிக்க அவருக்கு அவகாசமில்லை. மகள் மெலனி, "குட் லக், டாட்," என்று கையசைத்தாள். கார் போய்விட்டது.

யேசுராசா எழும்பி, களுசானைக் கழற்றிச் சாரத்தைக் கட்டினார். முதல்நாள் நண்டுக்கறியைச் சூடாக்கினார். சோபாவில் நீட்டி நிமிர்ந்து கிரிக்கெட் போட்டார். அவர் நண்டுக்காலைக் கடித்து உடைத்த சத்தத்தில், தொட்டிக்குள் இருந்த சின்னச் சங்கு நண்டு ஓட்டுக்குள்ளே பதுங்கிக்கொண்டது. இருபது வருடக் கலியாண வாழ்க்கையில் இப்படியொரு சனிக்கிழமையை அவர் கண்டதில்லை.

ஆனால் படமெடுப்பதாகச் சொன்னால் படம் காட்ட வேண்டும். பழைய கமெரா ஒன்றை வாங்கினார். முதலில் எடுத்த படங்களில் எல்லாம் ஒரே நீலம், யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. கமெராவுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி போட்டால் நிறம் திரும்பும் என்று எங்கோ வாசித்து, அதையும் போட்டார். பவளம் அசைகிறது என்று தண்ணீரைச் சுழற்றும் பம்பை நிற்பாட்டினார். செம்மஞ்சள் மீன் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. கமெராவைத் தூக்கினால் திரும்பி வாலைக் காட்டும்.

இந்த இடத்தில்தான் அவருடைய திட்டம் கொஞ்சம் சறுக்கியது. அவருக்கு அது உண்மையாகவே பிடித்துப்போனது. பம்பு நின்று தண்ணீர் அடங்கும்போது, மூடிக் கிடந்த பவளம் பச்சை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டும். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு ஊதாப் பொட்டு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கிரிக்கெட்டில் யார் அவுட் என்பதும் அவருக்குத் தெரியாமல் போகும். அப்படியொரு நேரத்தில் எடுத்த படத்தை டோறினின் போனுக்கு அனுப்பினார். மண்டபத்திலிருந்து உடனே பதில் வந்தது: "வடிவு. இன்னும் அனுப்புங்கோ."

அனுப்பினார். கிழமைக்குக் கிழமை அனுப்பினார். டோறின் அவற்றை மேசை மேசையாகக் காட்டினாள். ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கோயில் மண்டபத்திலும் மாட்டுவித்தாள். "உங்கட மனிசனுக்கு இப்பிடியொரு திறமையே?" என்று சனம் வாய்பிளந்ததாம். யேசுராசாவுக்கு நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கப் பார்த்தது. மனைவியை முழுசாக ஏமாற்றி, அவள் வாயாலேயே புகழும் வாங்கியவன் இந்த நாட்டில் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்க, ஒரு ஞாயிறு பின்னேரம் இராசரத்தினம் அண்ணை கேக் பெட்டியோடு வந்தார். மனுரேவாவில் இருப்பவர், கோயில் சங்கத் தலைவர். அவர் இருக்கச் சொன்னால் சங்கமே இருக்கும்.

"தம்பி யேசுராசா, வாற சனிக்கிழமை எனக்கும் அன்னபாக்கியத்துக்கும் நாப்பதாவது கலியாண நாள். கமெராக்காரன் கையை விரிச்சிட்டான். ஓடித்திரியிற மீனையே அசையாமல் பிடிக்கிறீர். நாங்கள் ரெண்டு பேரும் இந்த வயசில எங்க ஓடப்போறம்?"

யேசுராசா மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒருமுறை அகப்பட்டால் அவ்வளவுதான். அடுத்த சனி இன்னொருவர் வருவார். விருந்தாளியாவது நடுவில் நழுவலாம், படமெடுப்பவன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிற்க வேண்டும். அவருடைய சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக மண்டபத்துக்குள் நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணை, எனக்கு விருப்பம்தான். ஆனா பவளம் இன்னும் தேறேல்லை. தனிய விட்டிட்டு..."

"இஞ்சருங்கோ," என்றாள் டோறின் குசினியிலிருந்து. "தேத்தண்ணியைக் கொண்டே குடுங்கோ, வாங்கோ."

போனார். தேத்தண்ணீர் இல்லை. டோறின் கையில் போன் இருந்தது.

"அண்ணையின்ர பேரனுக்கு முதல் நன்மை நடந்த அண்டைக்கு நீங்கள் அனுப்பின படம். பவளத்துக்குக் கடுமை, தப்பாது எண்டு எழுதினனீங்கள். ஞாபகமிருக்கே?"

"ஓம். அண்டைக்குச் சரியான கஷ்டம்."

"அண்ணை மைக்கில சொல்லி, மண்டபம் முழுக்க எழும்பி நிண்டு உங்கட பவளத்துக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னது. சின்னப் பிள்ளையள் கண்ணை மூடிக் கும்பிட்டதுகள்."

யேசுராசாவுக்கு இது புதுச் செய்தி. "அதாலதான் தப்பினது போல," என்றார் மெதுவாக.

டோறின் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பவளத்தைத் தாண்டி, பாறைக்குப் பக்கத்தில் இருண்டு கிடந்த மூலையைக் காட்டினாள். தொட்டிக் கண்ணாடியில் ஹோல் அப்படியே விழுந்திருந்தது. ரீவியில் பச்சை மைதானம். சின்ன மேசையில் நண்டு ஓட்டுக் குவியல். நடுவில் கமெராவைப் பிடித்தபடி, கட்டம் போட்ட சாரமும் வெறும் வயிறும்.

"இந்தப் பாறைக்குப் பக்கத்தில சாரத்தோட ஒரு பெரிய சாமான் கிடக்கு. இது என்ன இனம்?"

யேசுராசா குசினிக் கதவைச் சாத்தினார்.

"எல்லாப் படத்திலயும் இது நிக்குது. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு கறி. நான்தான் சனத்துக்குக் காட்ட முதல் ஓரத்தை வெட்டிப்போட்டுக் காட்டினனான். அண்ணைக்கு வெட்டாததைக் காட்டட்டே?"

கோயில் சங்கத் தலைவர் தன் பேரனின் விழாவில் செபம் சொல்வித்தது இந்தச் சாரத்துக்கும் நண்டுக்கறிக்கும்தான் என்று தெரிந்தால், யேசுராசா இனி ஒக்லாந்தில் தலைகாட்ட முடியாது. வெலிங்டனுக்குத்தான் குடிபெயர வேண்டும். அங்கேயும் அண்ணைக்கு ஒரு மச்சான் இருந்தார்.

அவர் ஹோலுக்கு வந்தார். "அண்ணை, உங்களுக்கு இல்லாத பவளமே? வாறன்."

"எனக்குத் தெரியும் தம்பி!" என்று இராசரத்தினம் கட்டிப்பிடித்தார்.

அவர் போனதும் யேசுராசா டோறினிடம் ஒரு விரலைக் காட்டினார். "இந்த ஒண்டுதான்."

"ஒண்டெண்டு ஆர் சொன்னது? நத்தார்ப் பண்டிகை வரைக்கும் ஒரு சனிக்கிழமையும் மிச்சமில்லை. நான் எல்லாருக்கும் ஓம் எண்டிட்டன். காசு வாங்கமாட்டார், எங்கட ஆள்தானே எண்டும் சொல்லிப்போட்டன்."

அடுத்த சனிக்கிழமை வந்தது. மண்டபச் சோடனையைப் படமெடுக்க நான்கு மணிக்கே போக வேண்டும். யேசுராசா கோட் போட்டு, கமெராப் பையைத் தூக்கி, கார்த் திறப்போடு ஹோலுக்கு வந்தார். டோறின் வீட்டுச் சட்டையோடு சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். மெலனி கீழே குந்தியிருந்து சிப்ஸ் பையைப் பிரித்தாள்.

"என்ன, நீர் வெளிக்கிடேல்லையே?"

"எப்பிடியப்பா வெளிக்கிடுறது? தண்ணி ஆவியாப் போகுது."

"டோறின்!"

"உப்புக் கூடுமெல்லே. சொட்டுச் சொட்டா விடோணும். ஆராவது பக்கத்தில இருக்கோணும்."

"விளையாடாதையும். உமக்கு இந்த விழாக்களுக்குப் போக விருப்பம்தானே?"

டோறின் எழும்பி இருந்தாள். முகத்தில் பகிடி இல்லை. "ஆர் சொன்னது? கலியாணம் கட்டின நாளில இருந்து ஒரு வீட்டில ஒரு ஆளாவது முகம் குடுக்கோணுமெண்டு போனனான். நீங்கள் மூலையில போனை நோண்டிக்கொண்டு நிண்டியள். உங்கட சிரிப்பையும் சேர்த்து நான்தான் சிரிச்சனான். எனக்கு வாய் நோகாதே?"

அவளுக்கும் நோகும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் கமெராப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"ஸொரி டாட்," என்றாள் மெலனி, பவளத்தைக் காட்டி. "சம்படி ஹேஸ் டு வோச் த கோரல்."

மனுகாவ் மண்டபத்தில் யேசுராசா ஓடினார். நாற்காலியில் ஏறினார், தரையில் படுத்தார். ஓடமாட்டோம் என்ற மணமக்கள் மேசைக்கு மேசை ஓடினார்கள். ஒரு குடும்பத்தை வரிசைப்படுத்தி முடிக்க, அதில் ஒரு மாமா கைகழுவப் போய்விடுவார். மீன் எவ்வளவோ மேல் என்று பட்டது. போதாததற்கு ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

"டோறின் எங்க?"

"வீட்டில. பவளத்தைத் தனிய விடேலாது."

தன் பொய்யைத் தானே, இன்னொருவருக்காக, சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் நம்பினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசி விருந்தாளியையும் படமெடுத்து முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனார். தட்டங்கள் எல்லாம் வெறுமை. பெடியன்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் குடித்த தேத்தண்ணீரோடு நின்ற வயிறு, பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தியது.

"தம்பி, நில்லும்!" அன்னபாக்கியம் அக்கா கலியாணச் சேலையோடு ஓடி வந்தார். கையில் கொழுத்த சாப்பாட்டுப் பெட்டி ஒன்று. ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசம் முன்னாலேயே வந்து சேர்ந்தது. "சோறு முடியப்போகுதெண்டு தெரிஞ்ச உடன இதை ஒளிச்சு வச்சனான்."

யேசுராசா இரண்டு கையையும் நீட்டினார். அவருக்குக் கண் கலங்கியது. "அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"ஆறமுதல் கொண்டுபோய் டோறினிட்டக் குடும் தம்பி. பாவம், அந்தப் பிள்ளை இவ்வளவு நேரமும் சாப்பிடாமல் தொட்டிக்குப் பக்கத்தில காவல் இருந்திருக்கும்."