வெற்றிடத்தில் அப்பள மாவு

பிசையக்கூடிய எந்தப் பொருளும் என் கையில் அகப்பட்டுச் சொந்த உருவத்தோடு தப்பியதில்லை. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அதில் ஒரு யானை நிற்கும். பந்தியில் தயிர்சாதத்தைக் குவித்துக் கல்லணை கட்டியவன் நான். (ரசத்தைத் திறந்துவிட்டபோது அணை உடைந்தது. முதுகில் அடி விழுந்தது.) இதை ஒரு திறமை என்றே இருபத்தைந்து வயது வரை நம்பியிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம், அவர்கள் பாவம். இயற்பியல் துறை, தற்காலிக நியமனம், ஜூனோடு முடியும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்து, புது மனைவி மரகதத்தோடு குடியேறி, தினம் சைக்கிளில் காவேரிப் பாலத்தைக் கடந்து விஞ்ஞானத்துக்குப் போய்வந்தேன். முசிறியில் எங்கள் வீட்டில் எல்லோரும் வாழையோடு வாழ்ந்தவர்கள். நான்தான் முதல் பி.எஸ்ஸி.

என் மாமனாருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அதில் எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"மாப்ளே, பாட்டரியில மணி அடிச்சுக் காட்டுறதுக்கு பி.எஸ்ஸி. எதுக்கு? கோயில்ல அடிச்சா சுண்டலாவது குடுப்பாங்க."

"வேலை நிரந்தரமாகட்டும் மாமா, அப்புறம் பாருங்க" என்பேன்.

"ஆகட்டும், ஆகட்டும். ஆகலேன்னா நாற்காலி இருக்கு."

அந்த நாற்காலியில் உட்காராமலிருப்பதே அப்போது என் வாழ்க்கை லட்சியம்.

ஆய்வுக்கூடம் என்றால் கண்ணாடியும் பித்தளையும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்தால் தெரியும், பாதி விஞ்ஞானம் மெழுகில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸை நிறுத்த பிளாஸ்டிசின் உருண்டை. தாங்கி வார்க்க பாரிஸ் சாந்து. தொட்டி ஒழுகினால் ஜன்னலில் கண்ணாடி பதிப்பவர்கள் அப்பும் புட்டிப் பசை. கண்ணாடிக் குழாயைப் பித்தளையில் இறுக்க அரக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றை உறிஞ்சி எடுக்கும் சோதனைகளில் இடுக்கு அடைப்பதற்கென்று டப்பாவில் வந்த கறுப்பு நிறச் சீமை மெழுகு. எங்கள் புரொபசர் அதை எழுதிப்போட்டு எட்டு மாதம் காத்திருந்து வரவழைத்தார். இத்தனைக்குமான அலமாரிச் சாவியை, மனிதர்களை எடைபோடத் தெரியாத அவர், என்னிடம் கொடுத்திருந்தார்.

அந்த மார்ச் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் குழு வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியடைந்தால் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் தொடங்கலாம். தொடங்கினால் ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் நான் நிரந்தரம். இவ்வளவையும் புரொபசர் எனக்கு விளக்கிவிட்டு, ஒரே ஒரு சோதனையை ஒப்படைத்தார். கவிழ்த்த கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணி. பம்பால் காற்றை வெளியேற்ற, மணி அடிப்பது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. ஜாடியின் உச்சியில் ரப்பர் கார்க், கார்க்கில் ஒயர் போகும் துளை. துளை ஒயரைவிடப் பெரியது. சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பதுதான் சீமை மெழுகின் வேலை.

குழு வருவதற்கு முந்தின நாள் பகலில் மெழுகை எடுத்துப் பதம் பார்த்தேன். அருமையாக வளைந்தது. பத்து நிமிடத்தில் மலைக்கோட்டை எழுந்தது. உச்சிப்பிள்ளையார் கோயில், படிகள், கீழே தெப்பக்குளம் வரை. அழகு பார்க்க ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த மெழுகைக் கண்டுபிடித்தவர்கள் குளிர்தேசத்துக்காரர்கள். திருச்சி வெயிலை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது மலைக்கோட்டை பிள்ளையாரோடு சுவர் வழியாக இறங்கி, சுண்ணாம்பையும் ஒட்டடையையும் சேர்த்துக்கொண்டு தரையைத் தொட்டிருந்தது. பம்ப் சுற்றும் அட்டெண்டர் காதர் பாய் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலுக்கு ஏன் சார் தார் பூசினீங்க?"

"பாய், புரொபசர்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லமாட்டேன். செவுரு சொல்லுமே."

சாயங்காலம் வரை மாற்று தேடினேன். களிமண் காய்ந்து வெடித்தது. புட்டி கையோடு வந்தது. சோர்ந்து வீடு திரும்பினால், முற்றத்தில் மரகதம் உரலில் உளுந்து மாவை இடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாமியிடம் அப்பளம் இடக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. உலக்கை விழ விழ மாவு இழுபட்டது, மடிந்தது, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. ஓர் இடைவெளி இல்லை, ஒரு விரிசல் இல்லை.

"மரகதம், கொஞ்சம் மாவு வேணும்."

"இட்டப்புறம் பொரிச்சே தரேங்க."

"பொரிக்க இல்ல. காலேஜுக்கு."

உலக்கை நின்றது. "அங்க யாரு இடுவாங்க?"

"ஜாடியில ஒரு ஓட்டை. காத்து புகாம அடைக்கணும்."

"ஓட்டை அடைக்க ஊர்ல வேற ஒண்ணுமே கிடைக்கலியா?" என்றவள், என் முகத்தைப் பார்த்து ஓர் உருண்டை எடுத்துக் கொடுத்தாள். "அப்பளக்காரம் போட்டிருக்கு. காலை வரைக்கும் வச்சா இளகிடும். அதுமேல எண்ணெய் கிண்ணெய் பிசையாதீங்க."

எண்ணெய் பிசைந்தேன். எண்ணெய்ப் பசை காற்றைத் தடுக்கும் என்பது என் துணிபு. அவள் படித்தது எட்டாம் வகுப்பு. நான் பி.எஸ்ஸி.

மறுநாள் பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் மதராஸிலிருந்து வந்தவர். தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. புரொபசர் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டிருந்தார். கார்க்கின்மேல் மாவை நான் கூம்பாகக் குவித்து, மசி தடவிக் கறுப்பாக்கியிருந்தேன். பார்வைக்கு அசல் சீமை.

மணி அடிக்கத் தொடங்கியது. காதர் பாய் பம்பின் சக்கரத்தைச் சுற்றினார். நான் ஜாடிக்கு முதுகைக் காட்டிக் குழுவைப் பார்த்து நின்று, ஒலி பரவ ஓர் ஊடகம் தேவை என்று தொடங்கினேன். மணிச்சத்தம் மெல்லக் குறைந்தது. என் குரல் அதற்கேற்ப உயர்ந்தது. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, திடீரென்று அடியோடு நின்றது. இவ்வளவு சுத்தமான வெற்றிடத்தை நானே எதிர்பார்க்கவில்லை.

"கவனியுங்கள். மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒலி இல்லை" என்றேன்.

மூவரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். என்னையல்ல, என் தோளுக்குப் பின்னால். பம்ப் ஓசை நின்றது.

"சுத்துங்க பாய்."

"சுத்தினா இன்னும் வருது சார்."

"என்ன வருது?"

"திரும்பிப் பாருங்க சார். நான் சொன்னா நம்பமாட்டீங்க."

திரும்பினேன். ஜாடிக்குள் காற்று இல்லாததால் வெளிக்காற்று முழுப் பலத்தோடு மாவை அழுத்தியிருக்கிறது. கார்க் துளை முறுக்கு நாழி ஆகிவிட்டது. உள்ளே பாம்பு போல ஒரு சாண் நீளத்துக்கு மாவு இறங்கி, மணியைச் சுற்றிப் படுத்து, சுத்தியலையும் கட்டிப் பிடித்திருந்தது. மணி அடிக்கவே இல்லை. மேலே பூசிய மசி மேலேயே தங்கிவிட்டதால் உள்ளே வந்தது வெள்ளை வெளேரென்று, மிளகுப் புள்ளிகளோடு இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் உள்ளே போய் முடிந்தது. புஸ்ஸென்று காற்று பாய்ந்தது. காதர் பாய் பதற்றத்தில் ஜாடியைத் தூக்கினார். அறை முழுக்கப் பெருங்காயம்.

தலைவர் குனிந்து பார்த்தார். "இது என்ன காம்பவுண்ட்?"

புரொபசர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் திறந்தது, பொய்தான் வரவில்லை.

"அப்பள மாவு, சார்."

"உளுந்தா?"

"உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, பெருங்காயம். என் மனைவி இடிச்சது."

அப்போது புரொபசர் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். அவருடைய முப்பது வருட அனுபவம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குத் தேவைப்பட்டது. "இது இரண்டாவது சோதனை. காற்றழுத்தத்தை மாணவர்கள் கண்ணால் பார்ப்பதற்காக நாங்களே வடிவமைத்தது. உள்ளூர்ப் பொருள், செலவு இல்லை" என்றார்.

தலைவர் நிமிர்ந்து, மற்ற இருவரையும் பார்த்து, "பிரமாதம்" என்றார். மறுபடி செய்து காட்டச் சொன்னார். மீதி மாவில் இன்னொரு முறை பிழிந்து காட்டினோம். பி.எஸ்ஸி. வகுப்புக்கு அனுமதி வந்தது. அறிக்கையில் காற்றழுத்தச் சோதனைக்குத் தனியாக இரண்டு வரி பாராட்டும் இருந்ததாம்.

குழு வண்டி ஏறியதும் புரொபசர் என்னை அறைக்குள் அழைத்தார். திட்டவில்லை. மேஜைமேல் கையை நீட்டினார். நான் அலமாரிச் சாவியை வைத்தேன்.

"உங்களால காலேஜுக்கு கோர்ஸ் கிடைச்சுது, நன்றி. ஆனா உங்களை வச்சுக்கிட்டு நான் தினம் இப்படிச் சமாளிக்க முடியாது. எனக்கு ரத்தக்கொதிப்பு."

நான் உருவாக்கிக் கொடுத்த பதவியில் ஜூன் மாதம் வேறொருவர் சேர்ந்தார். எனக்காகத் துடைத்து வைத்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சீப்பு பூவன் பழத்தை நீட்டி, "சாப்பிடுங்க மாப்ளே. பிசையாதீங்க" என்றதோடு சரி.

அந்தச் சோதனை கல்லூரியின் பாடத்திட்டத்தில் நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் காதர் பாய் ஒரு தூக்குச்சட்டியோடு ஸ்ரீரங்கம் வந்து மரகதத்திடம் மாவு வாங்கிப்போவார். எண்ணெய் எவ்வளவு என்றும் அவளையே கேட்பார். என்னிடம் வாழைக்காய் விலை மட்டும் விசாரிப்பார்.

எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்க ஆரம்பித்தபோது ஒருநாள் புத்தகமும் கையுமாக அடுப்பங்கரைக்குப் போனாள். "காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதற்கு ஓர் ஆதாரம் எழுதச் சொல்றாங்கம்மா" என்றாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் சம்பந்திகள், பேரன் பேத்திகள் எல்லோருக்கும் இன்றுவரை அதே பதில்தான் வழங்கப்படுகிறது:

"உங்க அப்பாவைக் காலேஜ் லேப்ல இருந்து காந்தி மார்க்கெட் வரைக்கும் ஒரே தள்ளா தள்ளிட்டு வந்துச்சே, அதை எழுது."