நான் ஏற்றிப்போன ஏழு வாக்குகள்

கையில் ஒரு சாவிக்கொத்து கிடைத்தாலே சிலருக்கு மூளை கழன்றுவிடும். எனக்கு அறுபது வீடுகளின் சாவி கிடைத்திருந்தது. தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு நான்தான் ‘சூப்பர்’. (குழாய் திருத்தி, குப்பை அள்ளும் வேலைதான். ஊருக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் ‘மனேஜர்’.)

ஒரு வருடத் தேர்தலில் கட்டிடச் சொந்தக்காரரின் நண்பர் போட்டியிட்டார். குடியிருப்பவர்களைக் கூட்டிப்போய் அவருக்கு வாக்குப் போடவைக்கச் சொன்னார் சொந்தக்காரர். கதவு கதவாகத் தட்டினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. என் செல்வாக்கை நினைத்து எனக்கே புல்லரித்தது.

என் மனைவி வசந்தியோடு சேர்த்து வான் வண்டியில் ஏழு பேர். ஆளுக்கொரு மீன் ரோலும், வேட்பாளரின் பெயர் எழுதி மடித்த துண்டுத்தாளும் கொடுத்தேன். பின் சீட்டில் இருந்த ஈரான்காரர் ஹசன் அங்கிள் துண்டைப் பிரித்தார்.

“இவர் சொந்தக்காரரின் ஆளா?” என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ் அங்கிள், எங்கள் ஆள்!” என்றேன் பெருமையாக. (என் ஆங்கிலமும் முழுசாக இருக்கவில்லை.)

அவர் மெல்லச் சொன்னார்: “நான் இளைஞனாக இருந்தபோது, பாராளுமன்றத் தேர்தல் வந்தால் நிலச்சொந்தக்காரரின் காரியஸ்தர் எங்களை லொறியில் ஏற்றுவார். சோறு தருவார். மடித்த தாளும் தருவார். பிரிக்காமல் பெட்டியில் போடவேண்டும். என் அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும். பிரித்துவிட்டான்.”

“பிறகு?” என்றாள் வசந்தி.

“நிலக்காரரின் மருமகனுடைய பெயர். அண்ணன் கிழித்துப் போட்டான். அந்த அறுவடையோடு எங்களுக்கு உழ நிலமில்லை. அண்ணன் வேலை தேடித் தெஹ்ரானுக்குப் போனான். திரும்பி வரவேயில்லை.” துண்டை மறுபடி மடித்துக்கொண்டே கேட்டார்: “நான் வேறு ஆளுக்குப் போட்டால் என் வீட்டை எடுப்பீர்களா, சேர்?”

“ஐயோ, இல்லை அங்கிள்!” வாக்குச்சாவடி வாசலில் வானை நிறுத்தப்போன நான் பதறித் திரும்பியதில் அங்கிருந்த அறிவிப்புப் பலகையை இடித்து விழுத்தினேன். எல்லோரும் இறங்கினார்கள். ஹசன் அங்கிள் ரோலையும் துண்டையும் சீட்டில் வைத்துவிட்டு, உள்ளே போகாமலே வீட்டுக்கு நடந்தார்.

அன்று பின்னேரம் வசந்தி சொன்னாள்: “அவையள் உங்களிலை விருப்பத்திலையே வந்தவை? வீட்டுச் சாவியெல்லாம் உங்களிட்டை இருக்கு. மாட்டன் எண்டு ஆர் சொல்லுவினம்?”

அடுத்த மாதம் ஹசன் அங்கிளின் கீழ்வீட்டுச் சீலிங்கில் தண்ணீர் சொட்டியது. மேலே ஓடினேன். அவருடைய குளியலறைக் குழாய் மூன்று கிழமையாக ஒழுகியிருக்கிறது. எனக்குச் சொல்லாமல் வாளி வைத்துப் பிடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, சேர்” என்றார்.

இப்போதும் வீட்டில் எதையாவது அடித்துச் சொன்னால் மகள் கேட்பாள்: “அப்பா, உது நீங்கள் சொல்லுறியளோ, சூப்பர் சொல்லுறாரோ?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கியதும் வசந்தி மட்டும், “அந்த மனிசன் பாவம்” என்பாள்.