சம்பந்தி பையில் போட்ட டப்பா

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன், நுரையீரல் ஆராய்ச்சி டாக்டர் பாலகணேஷ் அவர்களுக்கு,

தாய்மாமன் ஐயாதுரை எழுதுவது. நானும் உன் அத்தை சீனியம்மாளும் நலம், நுரையீரல் நீங்கலாக. உன் நலமும் உன் ஆராய்ச்சியின் நலமும் அறிய ஆவல். ஆராய்ச்சி நலமாக இருக்க வாய்ப்பில்லை. காரணம் நான்தான்.

மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசி தின்ற என்னையும், என் மகளைக் கட்டிக்கொடுத்த மம்சாபுரம் சம்பந்தி இருளப்பசாமியையும் நீதான் இதில் சேர்த்தாய். வழக்கமான மருந்தோடு ஆளுக்கொரு இன்ஹேலர் டப்பா கொடுத்து, "சிலதுல புது மருந்து இருக்கும், சிலதுல ஒண்ணுமே இருக்காது, எது யாருக்குன்னு எனக்கே தெரியாது மாமா" என்றாய். தெரியாது என்று ஒப்புக்கொண்ட டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்தே நாளில் எனக்கு இருமல் நின்றது. மாடிப்படி ஏறிக்கொண்டே பாட்டுப் பாடினேன். சம்பந்திக்கோ சோற்றைப் பிசைவதற்குள் மூச்சு இளைத்தது. "நீங்க மட்டும் நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத் திரிங்க. பொண்ணு குடுத்த எடத்துல நாளைக்கு என்ன பேசுவாக?" என்றாள் உன் அத்தை. நியாயம்தானே? சம்பந்தி வீட்டுக்கு முறுக்கு அனுப்பினால் முழுசை அனுப்பிவிட்டு உடைந்ததை நாம்தானே தின்கிறோம்? ஆகவே போன மாதம் அவர் விருந்துக்கு வந்து கை கழுவப் போன நேரத்தில், அவர் பையில் இருந்த எண் ஒட்டிய அட்டைப்பெட்டியை அப்படியே விட்டு, உள்ளிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு என்னுடையதை வைத்துவிட்டேன். மில்லில் நூல் சுற்றும் பாபின் மாற்றிய கைக்கு அரை நிமிஷ வேலை.

அன்றைக்குப் பிடித்தது சனி. மறுநாளே நெஞ்சடைத்தது. மூச்சை அளக்க நீ ஊதச் சொன்ன குழாயில் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. கத்தரிக்காய் விலையை நான் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்த இரண்டு பேருக்கு நிறுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். சம்பந்தியோ போனில், "இன்னைக்கு பஸ்ஸ ஓடிப்போய்ப் பிடிச்சேன் சம்பந்தி!" என்கிறார். எனக்குச் சந்தோஷம்தான், பொறாமையும்தான். இரண்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் மூச்சுக்கு ஏது இடம்?

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. என் டப்பாவின் பலன் அவர் பேரிலும் அவர் டப்பாவின் பலன் என் பேரிலும் ஏறி, நல்ல மருந்தை உதவாதென்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. எங்களைப் போல் இருமுகிற மில்காரர்கள் இன்னும் எத்தனை பேர்! ஆகவே எங்கள் இரண்டு பெயரையும் அடித்துவிடு. திட்டுவதானால் போனில் வேண்டாம். அத்தை ஸ்பீக்கரில் போடுவாள்.

நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடும் அதைவிட நீண்ட மூச்சோடும் இருக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளட்டும்.

இப்படிக்கு,
குற்றவாளி மாமன்,
ஐயாதுரை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியே வந்துவிட்டார். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்று நான் செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் வெற்றிலை எடுக்கப் போனபோது திருப்பி மாற்றிவிட்டாராம். "பொண்ணையே குடுத்திட்டீக. மூச்சையுமா உங்ககிட்ட பிடுங்குவேன்?" என்றார். பஸ் பிடித்த கதையெல்லாம் என் மனம் குளிரச் சொன்னதாம். ஆக, அவரவர் டப்பாவைத்தான் அவரவர் இழுத்திருக்கிறோம். பெயரை அடிக்காதே. பிறகு எனக்கு ஏன் நெஞ்சடைத்தது என்று கேட்டால், "குடுத்துட்டோமேங்கிற நெனப்புதான்" என்கிறாள் உன் அத்தை.

என் டப்பாவில் இருந்தது மருந்துதான் என்று முடிவானால், முதல் டப்பாவைச் சம்பந்திக்குக் கொடு. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, திருப்பி மாற்றிவிடுவார்.